கழலாத பிடி

பட்டறைக்கார மாசானம்தான் ஊர் அரிவாள்களுக்கெல்லாம் அரக்கை உருக்கி ஊற்றிப் பிடி போடுவான். அடுத்த தெருக்காரி ராக்குவின் அரிவாளுக்கு மட்டும் அரக்கில் செங்கல்தூளைச் சலித்துச் சேர்த்தான். ஆறும்வரை வாயால் ஊதினான். அவன் மனைவி ஒச்சம்மாவின் அரிவாள்மணையோ மாதக்கணக்காக ஆடிக்கொண்டிருந்தது. வயிறெரிந்தவள், அவன் வெளியே போனதும் ராக்குவின் அரிவாளை அடுப்பில் காட்டினாள். அரக்கு இளகியது. பிடியை உருவி, ஒப்புக்குச் செருகி வைத்தாள்.

அரிவாளை வாங்கிப்போன ராக்கு மறுநாளே வந்து நின்றாள். “யக்கா, பிடி கழண்டுருச்சு. மச்சான் இருக்காகளா?”

உள்ளிருந்து மாசானம் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வந்தான்.

“நீங்க உக்காருங்க,” என்றாள் ஒச்சம்மா. “இங்க குடுடி, நானே போட்டுத் தாரேன்.”

கை சுடச்சுட அரக்கை நிரப்பிப் பிடியை இறுக்கினாள். ராக்கு பலங்கொண்டமட்டும் இழுத்தும் அசையவில்லை.

“இனி ஒன் ஆயுசுக்கும் கழலாது. போ.”