வெற்றி வேட்பாளரின் மனைவி

“அம்மா, பதினோராயிரம் ஓட்டு முன்னிலை! இனி அவங்க தலைகீழா நின்னாலும் நம்மளைப் பிடிக்க முடியாது!”

ஓட்டு எண்ணும் இடத்திலிருந்து வக்கீல் குமாஸ்தா போட்ட கூச்சல், போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது.

வக்கீலின் மனைவி துள்ளிக் குதித்தாள். “கேட்டீங்களா, நாடாளுமன்ற உறுப்பினரே?”

வக்கீல் நாற்காலி நுனியில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். “முழுசா எண்ணி முடிக்கட்டும்மா.”

“உங்களுக்கு ஜட்ஜ் கையெழுத்துப் போட்டாத்தான் நம்பிக்கை வரும்!”

கட்சிக்காரர்கள் வந்து கேட்டபோது அவர் மாட்டேன் என்றுதான் சொன்னார். நீதிமன்றத்தில் அவர் எழுந்து நின்றாலே எதிர்த் தரப்புக்கு வியர்க்கும். அந்தப் பேரை விட்டுவிட்டு எதற்கு அரசியல்? மனைவிதான் விடவில்லை. பேசிப் பேசியே கரைத்தாள். பிறகு வீதி வீதியாக இறங்கினாள். மாடிப்படி ஏறி முழங்கால் வீங்கியது. தொண்டை கட்டி, கடைசி வாரம் சைகையிலேயே ஓட்டுக் கேட்டாள். எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கதவைக்கூடத் தட்டினாள்.

“கட்டினா இப்படி ஒரு பொண்டாட்டியைக் கட்டணும்” என்று ஊரே மெச்சியது.

மறுபடியும் போன். “ஜெயிச்சுட்டோம்மா!”

கண் மூடித் திறப்பதற்குள் வாசலில் கூட்டம். வக்கீலைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தார்கள்.

ஆரவாரம் அடங்கி, குமாஸ்தாவும் வந்து சேர்ந்த பிறகுதான் வக்கீலின் முகம் வாடியது.

“திங்கட்கிழமை பாலம் இடிஞ்ச கேஸ் வருதே. செத்தவங்க குடும்பமெல்லாம் என்னைத்தான் நம்பி இருக்கு. உறுப்பினர் ஆயிட்டா வாதாடக் கூடாதுன்னு கட்சி நிபந்தனை போட்டிருக்கே. யார்கிட்ட ஒப்படைக்கிறது?”

“மார்க்கெட் வீதி வக்கீல் இருக்காரே சார்?” என்றார் குமாஸ்தா.

“வாய்தா வாங்கியே கேஸைக் கொன்னுடுவார்.”

“அவர் தம்பி?”

“ஜட்ஜ் முறைச்சாலே தண்ணி கேட்பான்.”

மனைவி சிரித்தாள். “கவலையை விடுங்க. அந்தக் குடும்பங்களை நேத்தே போய்ப் பார்த்துட்டேன். புது வக்கீலுக்கு எல்லாரும் சம்மதிச்சாச்சு.”

“நேத்தா? ஓட்டே எண்ணலையே! யாரும்மா அந்த வக்கீல்?”

“நீங்க கறுப்புக் கோட்டு போட்ட அதே நாள்ல போட்டவ. நீங்க நிக்கிற கோர்ட்டுல அவளை யாரு கூப்பிடுவாங்க? உங்களுக்கு மனு எழுதிக் குடுத்துட்டு இந்த அறைக்குள்ளயே கிடந்தா.”

வக்கீல் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன பார்க்கறீங்க? தொண்டை கிழிய வீதி வீதியா நான் ஓட்டுக் கேட்டது உங்களுக்குன்னா நினைச்சீங்க? எனக்குங்க, எனக்கு!”