தூண் வைத்த மாளிகை

ஓர் இன்ஜினியரின் மேசைக்கடியில் சுண்டெலி சிங்காரமும் அவன் மனைவி பவளமும் குடியிருந்தார்கள். பவளம் நிறைமாதம். மேசைமேல் ஒரு மாளிகையின் வரைபடம் விரிந்து கிடந்தது. முன்னால் உயரமான தூண்கள், அவற்றின் தலையில் முக்கோண முகப்பு, நடுவில் பெரிய வாசல், வரிசையாக ஜன்னல்கள். சிங்காரம் அதைவிட்டு இறங்கவே இல்லை.

“என்னங்க, கூடு கட்ட வேணாமா? வெறுந்தரையில பெத்தா புள்ளைங்க குளிர்லயே போயிடும்” என்று கீழிருந்து கத்தினாள் பவளம்.

“இவ்வளவு பெரிய வீடு இருக்கும்போது கூடு எதுக்கு? மாடியில எந்த ரூம் வேணும், சொல்லு.”

“அது வெறும் காகிதம்!”

“இப்போதைக்குக் காகிதம்” என்றான் அவன்.

மறுநாள் பவளத்துக்கு வலி எடுத்தது. அப்போதும் அவன் ஜன்னல்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறினாள். தூண்களில் தொடங்கி மாளிகை முழுவதையும் நார் நாராகக் கிழித்துக் கீழே இழுத்துப் போனாள். சிங்காரம் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

பொழுது சாய்வதற்குள் அந்தக் காகிதக் குவியலுக்குள் குட்டிகள் பிறந்துவிட்டன. சிங்காரம் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“புள்ளைங்களைப் பார்க்க வரலியா?” என்றாள் பவளம் உள்ளிருந்து.

“எப்படி வர்றது? வாசலையே கிழிச்சிட்டியே!”

“ஐயோ, முதல்ல தலையை நுழைச்சுப் பாருங்க. உடம்பு தானா பின்னாடி வரும்!”