பாலம் சொன்ன வார்த்தை

"உலகத்தில் எந்த மூலையில் பிறந்த மனிதனாக இருந்தாலும் சரி, மனசும் மனசும் பேசிக்கொள்ள மொழி ஒரு தடையே இல்லை" என்று கண்ணாடியைப் பார்த்து முழங்கினார் பாலம்.

"சட்டையை உள்பக்கம் வெளியில தெரியப் போட்டிருக்கீங்க" என்றாள் மனைவி.

விசிட்டிங் கார்டில் 'பண்பாட்டுப் பாலம்' என்று அச்சடித்துக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்களோடு பழகுவது எப்படி என்று கம்பெனி கம்பெனியாகப் போய் வகுப்பெடுப்பவர் அவர். துறைமுக அலுவலகத்தில் தன்னோடு வேலை பார்த்த வெளிநாட்டு கிரேன் இன்ஜினியரைப் பற்றிச் சொல்லாமல் எந்த வகுப்பையும் தொடங்கமாட்டார். அந்த நண்பர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகள் இன்று வருகிறாள்.

"போன்ல என்ன சொன்னா தெரியுமா? அவ பேரு தமிழ்ப் பேராம். நான் சொன்ன வார்த்தையாம். அர்த்தத்தை மட்டும் என் வாயால கேட்டாத்தான் அழகுன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம் அவ அப்பா. அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வர்றா."

"என்ன பேராம்?"

"நேர்லதான் சொல்வாளாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கணுமாம்." சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டார். "முகில்னு இருக்கும். மேகத்தைக் காட்டி ஒருநாள் சொல்லிக்கொடுத்தேன். இல்லேன்னா நிலா."

"அந்த மனுஷன் வர்ற சத்தம் கேட்டாலே பின்பக்கப் படியில இறங்கி ஓடிடுவேன்னு என்கிட்ட சொன்னதா ஞாபகம்."

"அதெல்லாம் இளவயசு விளையாட்டு. விடு."

அழைப்பு மணி அடித்தது. வாசலில் நின்றவளுக்கு அப்பாவின் அதே விடைத்த காதுகள். பாலத்துக்கு அந்தக் காதுகளைப் பார்த்ததுமே கண் கலங்கிவிட்டது. அவளை உட்கார வைத்து, ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

எதிரெதிரே போட்ட மேசைகள். உப்புக்காற்றில் துருவேறி, மூடவே மூடாத ஜன்னல். மழைநாளில் ஒரே குடையில் இருவரும் ஆளுக்குப் பாதி நனைந்து நடந்தது. கிரேன் கம்பியைப் பற்றி நண்பர் பேச ஆரம்பித்தால், கப்பல் ஊதும்போது மட்டும் நிறுத்துவார். ஊதி ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார். வகுப்புகளில் சொல்லும்போது பாதி ஜோடனை. இன்றைக்கு என்னவோ, அந்தக் கப்பல் சத்தம் நிஜமாகவே காதில் கேட்டது.

அவள் பேச வாயைத் திறந்தபோதெல்லாம் பாலத்துக்கு இன்னொரு நினைவு வந்தது.

"அந்தப் பொண்ணையும் கொஞ்சம் பேச விடுங்களேன்" என்றாள் மனைவி.

"அப்பாவுக்கு எங்க ஊர்ல நண்பர்களே கிடையாது, அங்கிள்" என்றாள் அவள். "வீட்டுலகூட அவர் பேச ஆரம்பிச்சா நாங்க மெதுவா எழுந்து போயிடுவோம். இங்கதான், அவர் உள்ளே நுழைஞ்சதும் நீங்க தலையை நிமிர்த்தி ஒரு வார்த்தை சொல்வீங்களாம். உடனே எல்லார் முகத்துலயும் சிரிப்பு வந்துடுமாம். 'என்னை அப்படி யாரும் வரவேற்றதே இல்லை'ன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தார். நான் பிறந்ததும் அந்த வார்த்தையையே எனக்குப் பேரா வச்சுட்டார்."

பாலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வகுப்பே இருந்தது.

"சொல்லும்மா. அர்த்தத்தை நான் சொல்றேன். உங்க அப்பாவுக்காக."

வழியெல்லாம் உச்சரிப்பைச் சரிபார்த்துக்கொண்டு வந்தவள்போல, அவள் ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகச் சொன்னாள்.

"அறுவை."

'அறுவை வந்தாச்சு' என்று அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி தினமும் சொன்னவர் பாலம்தான்.