முதல் நாள் ஆசாமி

"குடிகாரங்க கூட்டமா? ரெண்டாவது மாடி, தையல் வகுப்புக்குப் பக்கத்து ரூம்!"

லிஃப்ட் மெக்கானிக் காதோடு காதாகத்தான் கேட்டான். வாட்ச்மேன் சொன்ன பதிலில் அடுத்த தெருவில் தூங்கிய நாய்கூட எழுந்து அவனை ஒரு மாதிரி பார்த்தது.

அந்தக் கட்டடத்தின் லிஃப்டும் ஓடவில்லை. ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் மூச்சு வாங்கப் படியேறினான்.

வேறு வழி? போன வாரம் அவன் கையிலிருந்த டீ, மகளின் பரீட்சை நோட்டு முழுக்கக் கொட்டிவிட்டது. கை அப்படி ஆடும். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நூறு நாள் குடிக்காம இருங்க. உங்க வாயை நம்ப மாட்டேன். நூறாவது நாள் அந்தக் கூட்டத்துக்கு நானே வந்து பாக்குறேன். அதுவரைக்கும் எங்கம்மா வீட்டு வாசப்படியை மிதிக்காதீங்க."

அறைக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டீ ஃபிளாஸ்க், கூட்டத்தை நடத்தும் நர்ஸம்மா. குடியை விட்டு எத்தனை நாள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

"நானூத்திப் பன்னெண்டு."

"எழுநூறு."

"ஆயிரத்து முப்பது."

மெக்கானிக்கின் கண் கதவுப் பக்கம் போனது. இந்த மகான்களுக்கு நடுவில் 'ரெண்டு' என்று எந்த வாயால் சொல்வது?

அப்போது கடிகாரம் பழுதுபார்க்கிற பெரியவர் ஒருவர், கொஞ்சமும் கூசாமல், "எனக்கு இன்னிக்குத்தான் முதல் நாள்" என்றார்.

மெக்கானிக்கின் நெஞ்சு நிமிர்ந்தது. "எனக்கு ரெண்டாவது நாள்!" என்றான், நிலாவில் கொடி நட்டவன் மாதிரி.

அடுத்த ஞாயிறு அவனுக்கு ஒன்பது. பெரியவருக்கு முதல் நாள்.

அதற்கடுத்த ஞாயிறு பதினாறு. பெரியவருக்கு மறுபடியும் முதல் நாள்.

"யோவ் பெரிசு, உமக்கு வெக்கம் மானம் எதுவும் கிடையாதா?"

"என்னப்பா பண்றது, நாக்கு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதே" என்றபடி, பெரியவர் டீயை விளிம்புவரை ஊற்றி நீட்டினார்.

"அந்த நாக்கை அறுத்து உம்ம கடைக் கடிகாரத்துல மாட்டும். பெண்டுலமாவாவது உபயோகப்படும்."

அறையே சிரித்தது. பெரியவர் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அதிலிருந்து மெக்கானிக் போகிற இடமெல்லாம் முதல் நாள் ஆசாமியின் புராணம்தான். "அந்தாளைக் கடிச்ச கொசு, வீட்டுக்கு வழி தெரியாம சுவத்துல முட்டிக்கிட்டுக் கிடக்குதுப்பா!"

ஒரு சாயங்காலம் அவன் கால் தானாக மதுக்கடைக்கு நடந்தது. கதவில் கையும் வைத்துவிட்டான்.

'ஞாயித்துக்கிழமை அந்தக் கிழத்தோட சேந்து நானும் முதல் நாள்னு சொல்றதா? த்தூ!'

துப்பிவிட்டுத் திரும்பி வந்தான்.

நூறாவது நாள். மனைவியும் மகளும் சுவரோரம் வந்து உட்கார்ந்தார்கள். பெரியவரைக் காணோம், கண் ஆபரேஷன். புதிதாக ஒருவன், நடுங்கும் கைகளை அக்குளில் ஒளித்துக்கொண்டு, கதவோரம் பாதி நாற்காலியில் தொற்றியிருந்தான்.

மெக்கானிக் ஃபிளாஸ்க் பக்கம் போய் நர்ஸம்மாவிடம் கிசுகிசுத்தான். "அந்தப் பெரிசு திரும்பி வந்தா சேக்காதீங்கம்மா. கூட்டத்துக்கே அசிங்கம்."

"நூறு நாள் ஆனவங்ககிட்டதான் இதைச் சொல்றது" என்று நர்ஸம்மாவும் குரலைத் தாழ்த்தினாள். "அவர் குடியை விட்டுப் பத்தொம்பது வருஷம் ஆச்சு. வாரத்துக்கு ஒருத்தர் புதுசா வர்றாங்க. அவங்க பாதியில ஓடிப்போகாம இருக்கணும்னா, கேவலமாப் பாக்குறதுக்கு ஒரு ஆள் வேணும்ல? விளிம்பு வரைக்கும் டீ ஊத்தித் தருவாரே, ஒரு சொட்டு சிந்திப் பாத்திருக்கியா?"

மெக்கானிக் ஃபிளாஸ்க்கைச் சாய்த்தான். தம்ளர் நிறைய டீயை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

"ஐநூத்திப் பத்து."

"எழுநூத்தித் தொண்ணூத்தெட்டு."

"ஆயிரத்து நூத்தி இருபத்தெட்டு."

புதியவன் கதவைப் பார்த்தான். மெல்ல எழுந்தான்.

அடுத்து மெக்கானிக். மகள் கைதட்டத் தயாராக இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தாள்.

அவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"எனக்கு இன்னிக்குத்தான் முதல் நாள்."

மகளின் கைகள் அப்படியே நின்றன.

புதியவன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, "எனக்கு மூணாவது நாள்!" என்றான்.

மனைவி விருட்டென்று எழுந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள். விளிம்புவரை டீ. ஓர் அலைகூட இல்லை.

மகளின் நோட்டில் டீயைக் கொட்டிய அதே கை.

"டீ ஆறுது. குடிச்சுட்டுக் கிளம்புங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

கதவோரத்தில் புதியவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"கருமம், இந்தாளுக்கெல்லாம் ஒரு பொண்டாட்டி!"