குறுக்கே போட்ட ஸ்டூல்

“என் சளி பக்கத்து சீட்டுப் பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டா, நான் மன்னிப்புக் கேக்கணுமாம்மா?” என்று மகள் முன்பொருநாள் கேட்டபோது பிலோமினா அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள். தன் டிடிபி கடைக் கணினியில் பென்டிரைவ் வழியே பரவும் வைரஸ் புழுவைக் கண்டுபிடித்து நீக்கிய அன்று, அந்தக் கேள்வி திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை அவளுடைய பிரிண்டர் மக்கர் செய்ய, பக்கத்துக் கடை சாதிக்தான் தன் வேலையை நிறுத்திவிட்டு அவள் பென்டிரைவை வாங்கி அச்சிட்டுக் கொடுத்திருந்தார். புழு அங்கிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா? எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாதிக் வாசலில் ஸ்டூலைக் குறுக்கே போட்டுவிட்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார்.

“கடையப் பாத்துக்குங்கக்கா. நாளைக்குக் குடுக்கவேண்டிய கல்யாணப் பத்திரிகை ஃபைலையே காணோம். தொழுதுட்டு வந்துதான் அழணும்.”

“சாப்பிட்டுட்டு அழுங்க தம்பி.”

அவர் தெருமுனை திரும்பியதும் அவள் ஸ்டூலை நகர்த்திவிட்டு உள்ளே போனாள். அதே புழு அங்கேயும் இருந்தது. அதை அழித்து, அது மறைத்து வைத்திருந்த ஃபைல்களை ஒவ்வொன்றாக மீட்டாள். மணமக்களின் பெயர்கள் திரையில் தெரிந்ததும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். யாருடைய சளி என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. வெளியே வந்து, ஸ்டூலை முன்பு கிடந்தபடியே குறுக்கே போட்டாள்.