நீள மேஜை

"ஆசாரி, என் ரூமுக்கு உள்தாழ்ப்பாள் வேணும். நல்ல கனமாப் போடுங்க" என்றார் மானேஜர் நமசிவாயம்.

மேஜை வரும் இடத்துக்குச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்த ஹெட்கிளார்க் ஏசுவடியான் நிமிர்ந்தான். "உங்களுக்குத் தனி ரூமே கிடையாதுன்னுல்லா பேச்சு அண்ணாச்சி?"

"பேச்சு மாறிட்டுன்னு வச்சிக்கயேன்." அவன் முகத்தைப் பார்க்காமலே வாசலுக்குப் போய்விட்டார்.

மலையாளச் சீமையை விட்டுச் செங்கோட்டை நம்ம பக்கம் சேர்ந்த வருஷம் அது. மிளகும் ஏலமும் வாங்கி விற்கிற அந்தத் தென்காசிக் கம்பெனிக்கு வியாபாரம் பெருகி, புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. பழைய ஆபீஸில் ஆளுக்கொரு பலகைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. புளியறை செக்போஸ்டில் லாரி மறிபட்டு நிற்கும். சரக்கு வைக்கிற கிட்டங்கியில் இருப்பவர்கள் அது தெரியாமல் அடுத்த லாரிக்கு மூட்டை தைத்துக்கொண்டிருப்பார்கள்.

புது ஆபீஸுக்குப் படம் போட்டது ஏசுவடியான்தான். தட்டியே வேண்டாம், நடுவில் ஒரு நீள மேஜை, எல்லாரும் முகம் பார்த்து உட்கார்ந்து வேலை. கணக்குக் கூட்டுகிறவர்களுக்கு மட்டும் சத்தம் எட்டாத ஒரு மூலை. மத்தியானமானால் அதே மேஜையில் எல்லாருக்கும் சாப்பாடு, ஒரே பானைத் தண்ணீர்.

சின்ன வயதில் கிளப்புக்கடை வாசலில் நின்று சிரட்டையில் காப்பி வாங்கிக் குடித்தவன் அவன். அந்த மேஜையில் நமசிவாயம் அண்ணாச்சி தன் பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. படத்தைக் காட்டிய அன்று அவரே சொன்னார், "நம்ம ரெண்டு பேரு நாற்காலியவும் ஒட்டிப் போடுலே" என்று.

புது ஆபீஸில் வேலை தொடங்கியும் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. அவர் மூலை ரூமில் மலைப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். ஏதாவது கேட்கப் போனால், "படி தாண்டாத, அங்கன நின்னே சொல்லு" என்பார்.

மேஜையில் சாப்பாட்டு நேரத்துக்கு இதே பேச்சுதான்.

"அண்ணாச்சி தம்ளரைப் பாத்தியளா? பியூன் கைகூட படக் கூடாதாம்" என்றான் லாரி கிளார்க் இசக்கிப்பாண்டி. "தானே கழுவுதாரு. அதுவும் கொதிக்கக் கொதிக்க வெந்நீ ஊத்தி!"

"சும்மா கெடலே" என்றார் கிட்டங்கி பார்க்கிற கிதிர் முகம்மது. "எங்க வீட்டு நோம்புக் கஞ்சிய ஏனத்தோட வாங்கிக் குடிச்ச மனுசன் அவரு."

"அது பழைய கட்டடத்துல பாய். இது புதுக் கட்டடம், புது ஆசாரம்."

சாரல் விழுந்து, ஆபீஸே திரண்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனது. ஒரு சீசனும் தவறவிடாத நமசிவாயம் மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார்.

"பின்ன? நம்ம மேல பட்ட தண்ணி அவரு மேல தெறிக்குமில்லா!" என்று இசக்கிப்பாண்டி அருவிச் சத்தத்துக்கு மேல் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். ஏசுவடியானும் சிரிக்கத்தான் பார்த்தான்.

ஏசுவடியானின் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்த கையோடு, அவன் மனைவி ஜெபமலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள். நீள மேஜையைச் சுற்றிப் பிள்ளை கை மாறி வந்தது. கிதிர் முகம்மது அதன் காதில் ஏதோ ஓதினார். "ஏட்டி, என் மூக்கப் பிய்க்காளே!" என்று இசக்கிப்பாண்டி ஒப்பாரி வைத்தான்.

"அண்ணாச்சிட்ட ஒரு நிமிசம் காட்டிட்டு வந்திருதேன்" என்றான் ஏசுவடியான்.

"வேண்டாம்ங்கேன். அவுக ஏதும் நெனச்சிக்கிடப் போறாக" என்றாள் ஜெபமலர்.

"பிள்ளையப் பாத்தா மனசு எளகாமலா போகும்?"

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தள்ளினான். நமசிவாயம் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் அவர் கை ரெண்டும் தானாக நீண்டது. மறுகணம் பாய்ந்து வந்து கதவை அறைந்து சாத்தினார். உள்தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில் பிள்ளை வீறிட்டது.

"கொண்டு போலே! அதை இங்கன கொண்டுட்டு வராத!"

ஜெபமலர் ஓடி வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ஏசுவடியான் கதவில் ஓங்கிக் குத்தினான். "தொறங்க அண்ணாச்சி! எம் பிள்ள தொட்டா உங்களுக்குத் தீட்டா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, இன்னைக்கே இந்த வேலைய விட்டுட்டுப் போறேன்!"

மறுபடியும் கதவைக் குத்தினான்.

"உங்களை என்னமோன்னு நெனச்சி, இந்த மேஜைக்கு ஆசைப்பட்டுப் படம் போட்டேனே! செருப்பால அடிக்கணும் என்னைய."

உள்ளிருந்து அவர் குரல் வந்தது. "பிள்ள போயிட்டாளா?"

"போயிட்டா."

தாழ்ப்பாள் விலகியது. கதவைத் திறந்துவிட்டு அவர் பின்னோக்கி நடந்து, எதிர்ச்சுவர் ஜன்னலோடு ஒட்டி நின்றுகொண்டார். இருமலை அடக்கத் தோள் துண்டை வாயில் வைத்து அழுத்தியிருந்தார். அவன் அவரை நோக்கிப் போகவும், ஒரு கையை நீட்டித் தடுத்தார்.

"கிட்ட வராதலே, எனக்குச் சயரோகம்."