ஆபீஸ் பாய்

"டீ ஆறிப்போச்சு தம்பி. வேற வாங்கினு வா," என்றாள் கெங்கம்மா.

ரகுநந்தன் தட்டோடு அப்படியே நின்றான். இந்த வசனம் அவன் எழுதிக் கொடுத்ததில் இல்லை.

ராயபுரத்தில் அந்தப் பழைய கிடங்கின் மாடியில் நாடகக் குழுவைத் தொடங்கியவனே அவன்தான். எழுதுவது, இயக்குவது, மைக் பிடிப்பது எல்லாம் அவனே. அடையாறிலிருந்து காரில் வந்து, வடசென்னையின் வலியைப் பற்றிப் பேசிவிட்டு, கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைப்பதற்குள் வீடு திரும்பிவிடுவான்.

இந்த வருஷம்தான் சிக்கல். நிதி கொடுக்கும் அறக்கட்டளை புதிதாக ஒரு நிபந்தனை போட்டுவிட்டது. ஒடுக்கப்பட்ட மக்களின் கலைக்குழுவுக்கு அந்த மக்களில் ஒருவரே தலைமையில் இருக்க வேண்டுமாம்.

ரகுநந்தன் முதலில் மனம் உடைந்தான். பிறகு கெங்கம்மாவை இயக்குநர் ஆக்கினான்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருக்கும் கெங்கம்மாதான் குழுவின் மூத்த நடிகை. அவனுடைய எல்லா நாடகங்களிலும் அவள்தான் அம்மா. எல்லா நாடகங்களிலும் மகன் செத்துப்போவான். அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். முன்வரிசை விருந்தினர்கள் அவளைவிட நன்றாக அழுவார்கள்.

குழுவில் தீர்மானம் போட்டாயிற்று. பதிவு அலுவலகத்தில் பெயர் மாற்றியாயிற்று. வாசல் பலகையில்கூட எழுதியாயிற்று. எல்லாம் நிதி கைக்கு வரும் வரைக்கும்தான்.

இன்று அறக்கட்டளையிலிருந்து உமைமா என்ற பெண் நேரில் பார்க்க வந்திருந்தாள். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்க வசதியாக, ரகுநந்தன் ஆபீஸ் பாய் வேஷம் கட்டியிருந்தான். லைட் போடும் கோதண்டத்தின் சட்டை, கோதண்டத்தின் செருப்பு. கெங்கம்மா தடுமாறினால் அவன் இருமுவான். இருமினால் அவள், 'எங்க வலி இன்னான்னா' என்று தொடங்க வேண்டும். ஒத்திகை பிரமாதமாக வந்திருந்தது.

அவள் தடுமாறவே இல்லை. ஆனாலும் அவன் அவ்வப்போது இருமிக்கொண்டான்.

அப்போதுதான் உமைமா கேட்டாள். "உங்க நாடகத்துல ஏன் மேடம் யாருமே சிரிக்கிறதில்ல?"

ரகுநந்தன் பலமாக இருமினான்.

கெங்கம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். டீ ஆறிப்போனது அந்த நேரத்தில்தான்.

"எனக்குச் சக்கரை கம்மியா, அண்ணே," என்றாள் உமைமா.

வேறு வழியில்லை. ரகுநந்தன் படி இறங்கினான்.

"இன்னா சார், நீயே வந்துகீற? அதுவும் இந்தச் சட்டையில?" என்று சத்தமாகக் கேட்டார் டீக்கடைக்காரர். ரகுநந்தன் மாடியைப் பார்த்தபடி உதட்டில் விரல் வைத்தான். பால் பொங்குவதாக இல்லை. அவன் இல்லாமல் கெங்கம்மா வலியைச் சரியாகச் சொல்வாளா என்று பதறிக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

சிரிப்பு. அவன் ஒத்திகை நடத்திய அந்த அறையிலிருந்து இத்தனை வருஷத்தில் வராத சத்தம்.

டீ சிந்தச் சிந்த மேலே ஓடினான்.

கெங்கம்மா அறை நடுவில் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ரகுநந்தனுக்குப் புரிந்துவிட்டது. அந்த நாடகம்! எர்ணாவூர் குடியிருப்பில் எட்டாவது மாடிக்குப் பொண்ணு பார்க்க வருகிறார்கள். லிப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு மாடி ஏறும்போதும் மாப்பிள்ளையின் அம்மா கேட்கிற சீர் குறைந்துகொண்டே வருகிறது. இதைப் போடலாமா என்று கெங்கம்மா அவனிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். நாமே சிரித்தால் நமக்கு யார் நிதி கொடுப்பார்கள் என்று அவனும் பொறுமையாக விளக்கியிருக்கிறான்.

"பைக்கும் வோணாம், பீரோவும் வோணாம் சம்பந்தி," என்று கெங்கம்மா சுவரைப் பிடித்தபடி இல்லாத மாடிக்குக் குரல் கொடுத்தாள். "ஒரு சொம்பு தண்ணி மட்டும் கீழ அனுப்பு!"

உமைமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த நாடகத்துக்குன்னே பரிந்துரை எழுதுறேன் மேடம். ஆனா குழு ஒத்துக்கணுமே?"

"ஒத்துக்காம? தீர்மானம் போட்டு என்னியத்தான டைரக்டரு ஆக்கிக்கீறாங்க."

ரகுநந்தன் வாயைத் திறந்தான். உண்மையான இயக்குநர் நான்தான் என்று சொன்னால் மோசடி வெளியே வந்துவிடும். ஆபீஸ் பாயாகவே நின்றால், ஆபீஸ் பாய்க்கு இதில் என்ன பேச்சு?

எனவே இருமினான்.

"ரகு, இருமலுக்கு ஒரு மாத்திரை வாங்கிப் போடு," என்றாள் கெங்கம்மா. பிறகு உமைமாவிடம் சொன்னாள். "நான் யாரையும் வேலைய வுட்டுத் தூக்க மாட்டேம்மா. இவுரு நல்ல ஆளு. எங்களுக்காக ரொம்ப அழுதுகீறாரு. நாடகத்துக்குத் திரை இழுக்கட்டும்."

உமைமா எழுந்தாள். கெங்கம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ரகுநந்தன் யாரும் சொல்லாமலே உமைமாவின் பையைத் தூக்கிக்கொண்டு கீழே போனான். பழக்கம் எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

காரில் ஏறும் முன் பையை வாங்கிக்கொண்ட உமைமா குரலைத் தாழ்த்தினாள்.

"போன வருஷம் டெல்லி கருத்தரங்குல உங்க பேச்சை நேர்ல கேட்டேன் சார். 'அவங்களுக்காக நாம பேசுனது போதும், அவங்களே தலைமை ஏற்கட்டும்'னு முடிச்சீங்க. எழுந்து நின்னு கைதட்டினோம்."

அவன் கோதண்டத்தின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கு ஊருக்குத் திரும்பினதும் நாங்க எழுதினதுதான் சார் இந்தப் புது நிபந்தனை."